சங்கிலியை அடகு வைக்கலாமா?

போன வாரம் பள்ளி விட்டதும், பால்மரம் வெட்டும் அம்மா ஒருவர் விளம்பரத் தாளோடு வந்து நின்றார். பின்னால் மகன், பல்கலைக்கழகத்தில் கணக்கியல், இறுதியாண்டு. "முதலீட்டு வங்கியிலே சேர எட்டு வாரப் பயிற்சியாம் சார், நாலாயிரம் வெள்ளி. சங்கிலியை அடகு வைக்கட்டுங்களா?"

முதலீட்டு வங்கி என்றால் நாம் பணம் போட்டு எடுக்கும் வங்கியல்ல, அன்பர்களே. கம்பெனிகள் பங்கும் கடன் பத்திரமும் வெளியிடவும், இன்னொரு கம்பெனியை வாங்கவும் வழி செய்யும் இடம். கம்பெனிக் கணக்கைப் பிரித்துப் படித்து, அதன் மதிப்பைக் கணிக்கத் தெரிய வேண்டும். பயிற்சியில் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள், பொய்யில்லை. ஆனால் அதில் பாதியை இந்தப் பையன் பல்கலைக்கழகத்திலேயே படித்துவிட்டான்!

மேலும், 2007ஆம் ஆண்டு மூலதனச் சந்தைச் சட்டப்படி, இந்த ஆலோசனைத் தொழிலுக்கு செக்யூரிட்டிஸ் கமிஷன் உரிமம் வேண்டும். தனியார் வகுப்புச் சான்றிதழ் அந்த உரிமமாகாது. உலகம் மதிக்கும் சி.எஃப்.ஏ. தேர்வே மூன்று கட்டம். அதை முடித்தவருக்கும் வேலை உறுதியில்லை. படிக்கும்போதே இத்தகைய வங்கியில் சில மாதம் பயிற்சிப் பணி செய்த பிள்ளையைத்தான் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

"முன்பு படித்தவர்களில் எத்தனை பேருக்கு, எந்த வங்கியில் வேலை கிடைத்தது? எழுதிக் கொடுத்தார்களா தம்பி?" என்றேன். விழித்தான். (நானும் இளமையில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கட்டி ஏமாந்தவன்தான்!)

"சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்மா" என்றேன். பயிற்சிப் பணி கேட்டு மனு எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறான், தம்பி.