இணையதளத்தில் விற்கும் ஆகாரமும் அதன் விவரமும்

குடியானவர்கள் தங்கள் தானியத்தை அப்படியே மண்டிக்கு அனுப்பிவிடாமல், மாவாகவும் பலகாரமாகவும் செய்து இணையதளத்தின் வாயிலாக நேரே விற்கத் தலைப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கதே. ஆயின், அப்பண்டங்களைப் பற்றி அங்கு எழுதப்படும் விவரங்கள் திருப்திகரமாயில்லை. "பாரம்பரியச் சுவை", "முற்றிலும் இயற்கையானது" என்னும் புகழ்ச்சொற்கள் மலிந்திருக்கின்றன. பண்டத்தில் சேர்ந்துள்ள பொருள்கள் யாவை என்பது மட்டும் காணப்படுவதில்லை. சந்தையில் வாங்குவோன் கையிலெடுத்துப் பார்க்கிறான், முகர்கிறான், விற்பவனைக் கேட்கிறான். தளத்தில் வாங்குவோனுக்கோ எழுத்து ஒன்றே ஆதாரம்.

உதாரணமாக, வரகு அடைமாவைக் கருதுக. கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் சீலியாக் வியாதியஸ்தர்களுக்குச் சொற்ப அளவிலும் சிறுகுடலைக் கெடுக்கவல்லது. வரகில் குளூட்டன் இல்லை. ஆகவே மாவு விற்பவர், "குளூட்டன் அற்றது" என்று நல்லெண்ணத்துடனேயே எழுதிவிடுகிறார். ஆனால் அவர் சேர்த்த பெருங்காயமோ கடையில் வாங்கிய கூட்டுப் பெருங்காயம். அவற்றுள் பல, பிசினுடன் மைதாமாவும் கலந்தவை. அன்றியும் அரைத்த யந்திரத்தில் சற்றுமுன் கோதுமை அரைபட்டிருக்கலாம். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்பட்ட குளூட்டன் உள்ள பண்டத்தை அவ்வாறு அழைக்க விதி இடங்கொடாது. பரிசோதித்து அறியாதவர் அச்சொல்லைக் கையாளாதிருப்பதே நலம். பெருங்காயம் என்று மட்டும் எழுதாமல், அதன் பொட்டலத்தில் கண்ட மைதாவையும் சேர்த்தெழுத வேண்டும்.

பச்சைப் புள்ளி இருக்கிறதே, அது போதாதா என்று கேட்போர் உண்டு. அக்குறி பண்டம் சைவம் என்பதை மட்டுமே காட்டும். பாலும் நெய்யும் சேர்ந்த பண்டங்களும் அதே குறியைத் தாங்குவதால், பால் ஒவ்வாதவருக்கு அதனால் பயனில்லை. வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் நிலை இன்னும் அபாயகரமானது. சிலருக்கு உயிருக்கே மோசம் நேரும். கடலை வறுத்த சட்டியிலேயே எள்ளையும் வறுத்து உருண்டை பிடிப்பவர் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்.

வெல்லம் சேர்த்த பண்டத்தைச் "சர்க்கரை இல்லாதது" என்று விற்பது, படித்தவர்களிடையேயும் பரவியுள்ள ஒரு தவறு. வெல்லத்தின் பெரும்பகுதி சர்க்கரையேயாம். நீரிழிவுள்ளவர் அச்சொல்லை நம்பி உண்டால் தீங்கே விளையும்.

இவ்வளவும் எழுதினால் வாங்குவோர் அஞ்சி விலகுவர் என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். விலகுவோர் அப்பண்டம் ஒவ்வாதவர்களே. அவர்கள் வாங்கி நோயுறுவதினும் வாங்காதிருத்தல் விற்பவருக்கே அனுகூலம். அன்றியும் இது அவரவர் விருப்பத்திற்கு விடப்பட்ட விஷயமன்று. 2020ஆம் ஆண்டின் உணவு விவரச்சீட்டு ஒழுங்குமுறைகளின்படி, சேர்மானங்களை எடையில் மிகுந்தது முதலாக வரிசைப்படுத்திக் காட்டவேண்டும். கோதுமை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை, சோயா முதலிய ஒவ்வாமைப் பொருள்களைத் தனியே குறிக்கவேண்டும். சீட்டின் முக்கிய விவரங்களை இணையத்தில் விற்குமுன்பே வாங்குவோர் காணச் செய்யவும் வேண்டும்.

கிராம அதிகாரிகள் தங்கள் ஊர்ச் சுயஉதவிக் குழுக்களின் தளப் பக்கங்களை ஒருமுறை படித்துப் பார்ப்பது உபகாரமாகும். எண்ணெய்க்குப் பதில் நெய்யென்றோ, ஒரு கடைப் பெருங்காயத்திற்குப் பதில் வேறொன்றென்றோ பக்குவம் மாறுகிற நாளிலேயே பக்கத்தையும் திருத்துகிறார்களா என்று விசாரித்தல் முக்கியம்; பெரும்பாலும் தவறு நேர்வது அவ்விடத்தில்தான்.