கீபோர்டுக்குப் பின்னால் ஒரு பெண்

மெல்லிசைக் குழுக்களில் வாசிக்கிறவர்களுக்கு இசைவாணியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ராயபுரத்துப் பெண். அப்பா யாரிடமும் போய் உட்காராமல் தானாகவே கீபோர்டு பழகியவர். அவரோடு சின்ன வயதிலேயே மேடை ஏறி, வருடக்கணக்கில் சினிமாப் பாட்டுப் பாடி வளர்ந்தவர். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவைக் கட்டியபோது, அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண்ணாக உள்ளே வந்தார். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் நடந்த முதல் நிகழ்ச்சியிலேயே கானாவுக்கு ஒரு பெண் குரல் கிடைத்துவிட்டது. 2020இல் பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது. அவரைப் பார்த்து வேறு இளம்பெண்களும் கானா பாட முன்வருகிறார்கள் என்பதையும் அந்த அறிவிப்பு சொன்னது. சபரிமலை நுழைவு பற்றி அவர் பாடிய பாட்டுக்காக, பாடி ஆறு வருடம் கழித்து, 2024இல் வசையும் மிரட்டலும் குவிந்ததையும் நாம் பார்த்தோம். அவர் காவல்துறையிடம் போக வேண்டியிருந்தது. ஒரு பாடகி கொடுக்கிற விலை இது.

அவரைக் கொண்டாடுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். நம் தொழிலில் இருப்பவர்கள் பேச வேண்டியது இன்னொன்று. அப்பா கீபோர்டு, மகள் மைக். வடசென்னையில் ஆர்கெஸ்ட்ரா வைத்திருக்கிற எந்த வீட்டை எடுத்துக்கொண்டாலும் பெரும்பாலும் இதே கதைதான். பையன் பிறந்தால் பேட் வாசிக்கப் பழகுவான், கொஞ்சம் வளர்ந்தால் இரண்டாம் கீபோர்டில் உட்காருவான். பெண் பிறந்தால் குரல் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். குரல் இருந்தால் மேடை, இல்லையென்றால் வீடு. அந்தப் பெண்ணின் விரல் எப்படி என்று யாரும் பார்ப்பதில்லை. இசைவாணி குரலால் வென்றவர், அவர் வழி அவருடையது. ஆனால் குரல் இல்லாத, கை உள்ள பெண்களுக்கு நாம் வழியே வைக்கவில்லை.

கீபோர்டு ஏன் முக்கியம் என்பதை இந்த இதழை வாசிப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். குழுவின் பாட்டுப் பட்டியல் கீபோர்டுக்காரர் நோட்டில் இருக்கிறது. கவுன்ட் கொடுப்பவர் அவர்தான். சவுண்ட் செக்கில் யாருக்கு எவ்வளவு மானிட்டர் என்பதை முடிவு செய்வதும் பல குழுக்களில் அவர்தான். ஒரே ஒரு காட்சியை மட்டும் நினைத்துப் பாருங்கள். காசிமேட்டில் ஓர் அம்மன் கோயில் மேடை. பாடகிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. அடுத்த பாட்டை அரைக் கட்டை இறக்கிப் பாடலாமா என்று திரும்பிக் கேட்கிறார். டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டு தட்டினால் கீபோர்டு இறங்கிவிடும். புல்லாங்குழல்காரர் வேறு குழல் எடுக்க வேண்டும், பேஸ்காரர் விரலை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். “ஒரிஜினல் ஸ்கேல்தாம்மா, பாடு” என்று பதில் வருகிறது. அவர் பாடுகிறார், சரணத்தில் குரல் உடைகிறது, முன்வரிசையில் சிரிக்கிறார்கள். அதே மேடையில் பாடகர் ஒருவர் கண்ணைக் காட்டினால் ஸ்கேல் மாறிவிடுகிறது. மைக் பிடித்திருப்பவர் அந்தப் பெண் என்றாலும், அந்தப் பாட்டு அவர் கையில் இல்லை.

கோயில் மேடையில் மட்டும் இப்படியில்லை. மூலக்கொத்தளத்தை எடுத்துக்கொள்வோம். பேசின் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த இடத்தை ஊர் சுடுகாட்டை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறது. கானாவின் வேர் சாவு வீட்டில் இருக்கிறது என்பதால், நம் தொழிலின் பழைய மேடைகளில் ஒன்று இந்தச் சுடுகாட்டுக்குப் போகிற வழிகள்தான். சாவு வீட்டில் நடப்பதைக் கவனியுங்கள். பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். இறந்தவரின் வாழ்க்கை முழுவதையும் மெட்டுக்குள் கொண்டுவரும் திறமை அது, அங்கேயே கட்டி அங்கேயே பாடுவது. அதற்குக் காசு கிடையாது. வாசலில் பந்தல் போட்டு, டோலக்கும் கீபோர்டும் வைத்து ஆண்கள் மரண கானா பாடுகிறார்கள். அது கச்சேரி, அதற்கு முன்பணம் உண்டு. ஒரே சாவு, ஒரே வீடு. உள்ளே பாடினால் கடமை, வெளியே பாடினால் தொழில். கானாவில் பெண்கள் ஏன் இல்லை என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: இருந்தார்கள், வாசலைத் தாண்டித்தான் விடவில்லை.

அதே சுடுகாட்டில் மொழிப்போரின் முதல் பலிகளான நடராசனுக்கும் தாளமுத்துவுக்கும் பக்கத்தில் மருத்துவர் தர்மாம்பாள் நினைவிடமும் இருக்கிறது. 1938 நவம்பர் 13 அன்று, இங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில், வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. ஈ.வெ.ரா.வைப் ‘பெரியார்’ என்று அழைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்ட மாநாடு. அதைக் கூட்டிய பெண்களில் தர்மாம்பாள் முன்னால் நின்றவர். தியாகராஜ பாகவதருக்கு ‘ஏழிசை மன்னர்’ பட்டம் தந்தவரும் இவர்தான் என்பார்கள். ஒற்றைவாடைக் கொட்டகையில் ஆர்மோனியக்காரர்கள்தான் நாடகத்தை நடத்திச் சென்றார்கள். ஊர் ஊராகப் போய் வாசித்த நம் முதல் கீபோர்டுக்காரர்கள் அவர்கள். நடிகைகள் இருந்தார்கள், பாடகிகள் இருந்தார்கள், கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார். ஆனால் அந்தக் காலத்து ஆர்மோனியப் பெயர்களை எண்ணச் சொன்னால் ஆண் பெயர்களாகவே வந்து விழுகின்றன. பெட்டி மாறி கீபோர்டு வந்தது, உட்கார்ந்திருப்பவர் மாறவில்லை.

‘பெண்களுக்கு ஒத்துவராது’ என்பது பழைய பேச்சு. கடம் வாசிக்க வந்த சுகன்யா ராம்கோபாலுக்கும் அதுதான் சொல்லப்பட்டது. திருவல்லிக்கேணியில் விக்கு விநாயகராமின் தந்தை ஹரிஹர சர்மா நடத்திய பள்ளியில் கற்று, அந்தப் பேச்சை மீறி வாசித்து, 1995இல் பெண்களே வாசிக்கும் ‘ஸ்திரீ தால் தரங்’ குழுவைத் தொடங்கினார். 2014ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருதும் அவருக்கு வந்தது. தன்னை மேடையில் ஒதுக்கியவர்கள் மேல் கோபப்பட்டு நிற்காமல், பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு மேடையையே செய்து வைத்தார் என்பதுதான் இதில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஏ.ஆர். ரஹ்மானோடு மேடை ஏறும் மோகினி டே பேஸ் கிட்டார்க்காரர் ஒருவரின் மகள், அப்பாவிடமே பேஸ் பழகியவர். அப்பாவின் வாத்தியம் மகளுக்கு வந்த வீடு அது. அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் தன் குழுவின் கீபோர்டை 1980இலேயே லிசா கோல்மனிடம் கொடுத்தார்.

கீபோர்டு கனம், பெண்ணால் தூக்க முடியாது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். நாம் பெரும்பாலும் பயன்படுத்தும் 61 கட்டை கீபோர்டுகளில் பல ஏழு கிலோவைத் தாண்டாதவை, பெட்டியோடு சேர்த்தால் கொஞ்சம் கூடும். கொருக்குப்பேட்டையில் லாரித் தண்ணீர் பிடிக்கிற பெண் இடுப்பில் வைக்கிற குடம் அதைவிட இரண்டு மடங்கு கனம்.

கற்றவர்கள் இல்லை என்பதும் உண்மையில்லை. சென்னையில் தெருவுக்குத் தெரு கீபோர்டு வகுப்பு. டிரினிட்டி கிரேடு தேர்வு எழுதுகிறவர்களில் பெண் பிள்ளைகளை எந்த வகுப்பிலும் பார்க்கலாம். மேல் கிரேடு வரை போய்ச் சான்றிதழ் வாங்கி, பள்ளி ஆண்டு விழாவில் வாசித்து, அத்தோடு நிற்கிறார்கள். அவர்களுக்கு நோட்டு படிக்கத் தெரியும், காதால் பிடித்து வாசிக்கும் பழக்கம் இருக்காது. நம் பையன்களுக்கு நேர் எதிர். இரண்டு பேரையும் ஒரே மேடையில் உட்கார வைத்தால் இருவருமே தேறுவார்கள். அந்தப் பெண்களுக்கு மேடை நேரம் கொடுக்க வேண்டியவர்கள் குழு வைத்திருக்கும் நாம்தான்.

பெற்றவர்கள் பயப்படுவது வாத்தியத்தைப் பார்த்து இல்லை, இரவைப் பார்த்து. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று விதி இருக்கிறது, ஆனாலும் பெட்டி கட்டி, வேன் ஏறி, எண்ணூர் போய்ச் சேர நள்ளிரவு தாண்டிவிடும். முன்பணம் வாங்கும்போதே கழிப்பறைக்கும் உடை மாற்றும் இடத்துக்கும் விழாக் குழுவிடம் பேசிவிடுங்கள். சம்பளத்தை அவர் கையில் கொடுங்கள், கூட வந்த அண்ணன் கையில் அல்ல. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் நமக்கும் பொருந்தும் என்பது பல குழுத் தலைவர்களுக்குத் தெரியாது. பத்துப் பேருக்குக் குறைவான குழுவில் புகார்க் குழு அமைக்க வேண்டியதில்லை, ஆனால் பாதிக்கப்பட்ட பெண் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். வேலை தருகிறவர் ஏற்பாடு செய்த வேனும் சட்டப்படி பணியிடம்தான். இதைக் குழுவில் உள்ள எல்லோரிடமும், குறிப்பாக டிரைவரிடம், வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

நோட்டீஸ் அடிக்கும்போது பாடகர் படங்களுக்குக் கீழே வாத்தியக்காரர் பெயர்களையும் போடுங்கள். ‘கீபோர்டு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு பெண் பெயரை வண்ணாரப்பேட்டைச் சுவரில் பார்க்கிற பள்ளிப் பிள்ளைக்கு அது போதும்.

ஆடி மாதக் கூழ் வார்க்கும் விழாக்களுக்குச் சித்திரையிலேயே தேதி கொடுக்க ஆரம்பித்துவிடுகிறோம். முதல் கீபோர்டை யாரும் உடனே விட்டுத்தர மாட்டார்கள், அதை நாங்கள் கேட்கவும் இல்லை. இந்த ஆடிக்கு ஒவ்வொரு குழுவும் இரண்டாம் கீபோர்டில் ஒரு பெண்ணை உட்கார வைக்கட்டும். பத்து நிகழ்ச்சிக்காவது அவர்தான் ஸ்ட்ரிங்ஸ் வாசிக்க வேண்டும், பாட்டு நோட்டின் ஒரு படி அவர் கையில் இருக்க வேண்டும். ஒத்திகைக்கு ஆனி மாதம் முழுவதும் இருக்கிறது.