பெயர் சொல்லும் கொலைஞரும் பெயரற்ற கலைஞரும்

'கொலைச் செயல்' என்னும் ஆவணப்படம் முடிந்து, அதனை உருவாக்கியோர் பெயர்கள் திரையில் ஏறுங்கால் எழுந்து போய்விடுவோர், அப்படத்தின் தலையாய செய்தியைத் தவறவிட்டவராவர். 2012-இல் வெளிவந்த அதனை இயக்கியவர் சோசுவா ஓப்பன்கைமர் என்னும் அமெரிக்கர். அவருடன் இணைந்து இயக்கிய இந்தோனேசியரின் பெயர் நிற்க வேண்டிய இடத்திலோ 'பெயரிலி' என்றிருக்கின்றது. அடுத்தடுத்த பணியாளர் வரிசைகளிலும் அச்சொல்லே மீண்டும் மீண்டும் வருகின்றது. ஆனால், படத்தினுள் வரும் அன்வர் காங்கோ என்னும் கொலைஞர் தம் பெயரைச் சொல்கின்றார், ஊரைச் சொல்கின்றார், கழுத்தில் கம்பி சுற்றி இழுத்துக் கொன்ற முறையைக் கொன்ற மாடியிலேயே நின்று நடித்துக் காட்டுகின்றார், பின்னர் அங்கேயே ஆட்டமும் ஆடுகின்றார். கொன்றவன் வெளிப்படையாகத் திரிகின்றான். அதனைப் படமெடுத்தவன் ஒளிந்து வாழ்கின்றான். எனின், அக்கொலைகள் முடிந்து போனவை என்று எவ்வாறு சொல்வது?

1965 அக்தோபர் 1 விடியலில் சகார்த்தாவில் படைத்தலைவர் அறுவர் கொல்லப்பட்டனர். பழி பொதுவுடைமைக் கட்சியின்மேல் சுமத்தப்பட்டது. சுகார்த்தோ தலைமையிலான படையும் அதன் ஏவலாளரும் அவ்வாண்டும் அடுத்த ஆண்டுமாக ஐந்து இலக்கத்துக்குக் குறையாத மக்களைக் கொன்று குவித்தனர். உழவர், தொழிலாளர், ஆசிரியர், சீனர் என எவரும் தப்பவில்லை. வடசுமத்திராவின் மேடான் நகரில் திரையரங்க வாயிலில் கள்ளச்சீட்டு விற்றுத் திரிந்த அன்வரும் அவர்தம் கூட்டாளிகளும் அக்கொலைத் தொழிலுக்கு ஆள்களாயினர். அவர்கள் சார்ந்த அமைப்பின் பெயர் 'பஞ்சசீல இளைஞர்'. ஐந்நெறி எனப் பொருள்படும் வடசொல் அது. நெறி ஐந்தாம், கையிலிருந்தது கம்பி!

இயக்குநர் செய்தது ஒன்றே. நீவிர் செய்தவற்றை நீவிர் விரும்பும் வகையில் நடித்துக் காட்டுக என்றார். அவர்களும் அமெரிக்கத் திரைக் கொள்ளையர் போல் உடையுடுத்து வந்து நின்றனர். அந்நடிப்புக்கிடையில் அன்வரின் அண்டை வீட்டார் ஒருவர் வாய் திறக்கின்றார். தாம் சிறுவனாயிருந்தபொழுது, சீனரான தம் மாற்றாந்தந்தையை இரவில் வந்து அழைத்துச் சென்றனர் என்றும், மறுநாள் உடலைக் கண்டெடுத்துத் தாமும் பாட்டனாருமே சாலையோரத்தில் புதைத்தனர் என்றும், துணைக்கு ஒருவரும் வரவில்லை என்றும் கூறுகின்றார். இதனை அவர் அழுதுகொண்டு சொல்லவில்லை, சிரித்துக்கொண்டு சொல்கின்றார். உங்களைக் குறை கூறவில்லை என்று கொலைஞரிடமே பணிவுடன் சொல்லியும் வைக்கின்றார். அவர்களோ இதற்கெல்லாம் படத்தில் இடமில்லை எனத் தள்ளிவிடுகின்றனர். தந்தையைப் புதைத்தவன், புதைக்க வைத்தவன் முகம் கோணாதிருக்கச் சிரிக்க வேண்டியிருந்த அந்நாட்டின் நிலையை இதனினும் தெளிவாக எந்நூலும் எடுத்துரைத்ததில்லை.

சொல்லாய்வில் நாட்டமுடைய நம் படிப்போர்க்கு மற்றொன்றும் சொல்லத் தகும். இந்தோனேசிய மொழியில் அடியாளுக்குப் 'பிரேமான்' என்று பெயர். 'விடுதலை பெற்றவன்' எனப் பொருள்படும் தச்சுச் சொல்லின் திரிபு அது. படத்தில் அடியாள்கள் ஆங்கிலச் சொல்லைக் காட்டி, நாங்கள் விடுதலை மாந்தர் என மார்தட்டுகின்றனர். அற்றை நாள் துணைக் குடியரசுத் தலைவர் யூசுப் கல்லாவும் மேடையேறி, இத்தகையோர் நாட்டுக்குத் தேவை என அவர்களை வாழ்த்துகின்றார். ஒரு சொல்லின் வேரைக் கொண்டு குருதியைக் கழுவும் வித்தையை இங்குக் கண்டோம்.

கொன்றோர்க்கே பேச்சுரிமை கொடுத்துவிட்டார் என இயக்குநரைக் குறை கூறியோர் உளர். அக்குறையில் ஓரளவு உண்மையுண்டு. 2014-இல் அவரே எடுத்த 'அமைதியின் பார்வை', கொல்லப்பட்ட ஒருவரின் உடன்பிறந்தாரைக் கொலைஞர்முன் நேருக்குநேர் அமர்த்தி அதனை நிறைவு செய்தது. எமக்குள்ள குறை வேறு. பொதுவுடைமையர் பெயர்ப் பட்டியலை அமெரிக்கத் தூதரகத்தார் படையிடம் கொடுத்த செய்தி 1990-இலேயே வெளிவந்தது. முதற்படம் அதனைத் தொட்டும் தொடாமலும் போகின்றது. இறுதியில் அன்வர் அதே மாடியில் நின்று குமட்டுகின்றார். அதனை மனமாற்றம் என்று கொண்டாடுவோரோடு யாம் உடன்படோம். குமட்டல் தீர்ப்பாகாது. அவர் எந்த அறமன்றத்திலும் நிற்காமலேயே 2019-இல் இறந்தார்.

திரைப்படத்தின் வலிமையை அந்நாட்டு அரசு முன்பே அறிந்திருந்தது. 1984-இல் தானே ஒரு படமெடுத்து, பொதுவுடைமையரைக் கொடியோராகக் காட்டி, 1998-இல் சுகார்த்தோ வீழும்வரை ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கச் செய்தது. ஒரு தலைமுறையே அப்பொய்யைப் பாடமாகப் படித்து வளர்ந்தது. கொல்லப்பட்டோரின் மக்களும் பெயரரும் அரசுப் பணிக்குத் தகுதியற்றோராக ஒதுக்கப்பட்டனர்.

2023 சனவரியில் குடியரசுத் தலைவர் சோக்கோ விடோடோ அக்கொலைகளுக்காக வருந்துவதாகக் கூறினார். வருத்தம் சொல்லப்பட்டதேயன்றி, வழக்கொன்றும் தொடுக்கப்படவில்லை. 2025 நவம்பர் 10-இல் அவர்க்கு அடுத்து வந்த பிரபோவோ, தம் முன்னாள் மாமனாராகிய சுகார்த்தோவை நாட்டு மறவர் என அறிவித்தார். கூலி உயர்வுக்குப் போராடி, அதே சுகார்த்தோவின் ஆட்சியில் 1993-இல் கொல்லப்பட்ட மார்சினா என்னும் தொழிலாளப் பெண்ணின் பெயரும் அன்றைய பட்டியலிலேயே இருந்தது.