வழியில் நின்ற வண்டி



ஆகஸ்டு 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் திருக்கொடி ஏறுகின்றது. செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறப்புப் பெருவிழா. அந்நாட்களில் இராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் வேன் அமர்த்திக்கொண்டு புறப்படும் குடும்பங்கள் பல. படுக்கையும் சமையலறையும் அமைந்த வண்டியில் ஊர்சுற்றுவது மேல்நாட்டார் வழக்கம். கேரள அரசும் 2021-இல் அத்தகைய கேரவன் சுற்றுலாவுக்கெனத் திட்டம் வகுத்தது. நம் மக்களுக்கோ வாடகை வேனே நடமாடும் வீடு. பாய், தலையணை, அரிசி, தண்ணீர்க் குடம், புளிச்சாதப் பொட்டலம், அடுப்பு அனைத்தும் அதில் ஏறிவிடும். மதுரை, தஞ்சை, நாகப்பட்டினம் வழியாக 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். இந்த வீடு நடுவழியில் நின்றுவிட்டால் நாம் என்ன செய்கின்றோம்?

பெரும்பாலும் பழி சுமத்த ஆள் தேடுகின்றோம். "வண்டியைப் பார்த்து எடுக்கக் கூடாதா?" என்று ஓட்டுநர் மேல் பாய்கின்றோம். "இன்று யார் முகத்தில் விழித்தோமோ!" என்று ஒரு முதியவர் முணுமுணுப்பார், அச்சொல் வீட்டுக்கு வந்த மருமகள் மீதோ, கணவனை இழந்த ஒரு சகோதரி மீதோ போய்த் தைக்கும். பஞ்சரான சக்கரத்தை அரைமணியில் மாற்றிவிடலாம். அந்தச் சொல் கிழித்த மனத்தை ஆண்டுகள் சென்றாலும் தைக்க முடிவதில்லை. சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகளோ என்ற எண்ணத்தை ஆண்டவர் உடனே மறுத்தார். ரேடியேட்டர் கொதித்ததற்கு ராசியைக் காரணம் காட்டும் கிறிஸ்தவன் அந்தப் பகுதியை மீண்டும் வாசிப்பானாக.

அப்போஸ்தலர் பணி நூலின் 27-ஆம் அதிகாரத்தையும் குடும்பமாக அமர்ந்து வாசியுங்கள். கடற்பயணத்துக்கு ஏற்ற காலம் கடந்துவிட்டது என்று புனித சின்னப்பர் எச்சரித்தார்; நூற்றுவர் தலைவன் கேளாமல் கப்பலைச் செலுத்தச் செய்தான். புயல் சூழ்ந்தபோது, "என் சொல்லைக் கேட்டிருக்கலாம்" என்பதைச் சின்னப்பர் ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டு, அடுத்த மூச்சிலேயே தேற்றத் தொடங்கினார். யாரும் தனியே தப்பி ஓடாதபடி பார்த்துக்கொண்டார். அப்பத்தை எடுத்து, நன்றி கூறி, உண்டு, பிறரையும் உண்ணச் செய்தார். கப்பல் சிதைந்தது, 276 பேரில் ஒருவரும் அழியவில்லை. பொருள் போகட்டும், உயிர் நிற்கட்டும் என்பதே இடர் வந்த வேளையின் முதற்கட்டளை.

அக்கட்டளையை நம் வேனுக்குப் பொருத்திப் பார்ப்போம். வண்டி நின்றதும் அதைச் சாலையின் இடப்புற ஓரத்துக்கு ஒதுக்கி, எச்சரிக்கை விளக்குகளை எரியவிட வேண்டும். குழந்தைகளும் முதியோரும் இறங்கிச் சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். இருளில் நிற்கும் வண்டியின் மேல் பின்னால் வரும் லாரி மோதுவதே பழுதைவிடப் பெரிய ஆபத்து. சிவப்பு முக்கோணப் பலகையை ஐம்பது தப்படியேனும் பின்னால் வைக்க வேண்டும். அது இல்லையென்று கல்லையும் மரக்கிளையையும் சாலையில் வைப்போர் உண்டு. வண்டி சரியானதும் அவற்றை அப்படியே விட்டுப் போவோரும் உண்டு. அடுத்து இருசக்கர வண்டியில் வரும் தொழிலாளி அக்கல்லில் மோதி விழுந்தால், அந்தப் பாவம் யாருடையது? நம் பயணம் தொடர்ந்த இடத்தில் அவன் பயணம் முடிந்துவிடலாகாது. 2007-இல் வத்திக்கான் வெளியிட்ட வாகன ஓட்டிகளுக்கான பத்துக் கட்டளைகளிலும், சாலையில் வலுவற்றவரைக் காக்கும் கடமை இடம்பெற்றுள்ளது.

ரேடியேட்டர் கொதித்தால் மூடியை உடனே திறக்கலாகாது. உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர் சீறி முகத்தையே வேகவைத்துவிடும். எஞ்சினை நிறுத்தி, அரைமணிக்கு மேலாயினும் நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். ஒரு செபமாலை முழுவதும் சொல்லி முடிக்க அந்த நேரம் போதும்!

அடுப்பைப் பற்றி ஒரு சொல். 2023 ஆகஸ்டு 26 அன்று அதிகாலையில், மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பற்றி 9 பேர் மாண்டனர். லக்னோவிலிருந்து வந்த யாத்ரீகர்கள் அவர்கள். விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரே அதற்குக் காரணமாயிற்று. மழை பெய்கிறதென்றும், வண்டி பழுதாகி நிற்கும் நேரத்தில் ஒரு காபி போடலாமென்றும் வேனுக்குள் அடுப்பைப் பற்றவைக்க நினைக்கும் தாய்மார்கள் அந்த ஒன்பது உயிர்களை நினைவுகூர வேண்டுகிறேன்.

இனி ஓட்டுநர். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையே பொது வரம்பு என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்தது. நாமோ பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு, "விடிவதற்குள் வீடு சேர வேண்டும்" என்று இரவெல்லாம் ஓட்டச் சொல்கின்றோம். நாம் உறங்க, அவர் விழித்திருக்கின்றார். அவருக்கும் மனைவி மக்கள் உண்டு. பந்தியில் அவருக்கு முதல் இலை போடுங்கள். உறங்க ஒரு நல்ல இடம் கொடுங்கள். அன்னைக்கு நேர்ந்த காணிக்கையில் ஓட்டுநரின் உறக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஒரு நாள் தாமதித்து வருவதால் எந்த நேர்ச்சையும் கெட்டுவிடாது.

பழுது நீங்கி வண்டி கிளம்பும் பரபரப்பில் ஆட்களை எண்ண மறவாதீர்கள். மரியன்னையும் சூசையப்பருமே, மகன் கூட்டத்தோடு வருகிறான் என்றெண்ணி ஒருநாள் வழி நடந்தார்கள். மூன்று நாளுக்குப் பின்னரே அவரைக் கோவிலில் கண்டார்கள் என லூக்காஸ் நற்செய்தி உரைக்கின்றது.

விபத்தெனில் 108, தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண்களைப் பிள்ளைகளுக்கும் கற்பியுங்கள். வேறொருவர் வண்டி வழியில் நிற்கக் கண்டால், வேகத்தைக் குறைத்து, "என்ன உதவி வேண்டும்?" என்று கேளுங்கள். கரையேறிய சின்னப்பருக்கும் உடன் வந்தோருக்கும், மழையிலும் குளிரிலும் தீ மூட்டி வரவேற்றவர்கள் முன்பின் அறியாத மால்த்தா தீவினர். அவர்கள் அப்போது கிறிஸ்துவை அறியாதவர்கள். நாமோ அவருடைய பெயரைத் தாங்கியவர்கள்.

ஆரோக்கிய அன்னை உங்கள் போக்கையும் வரவையும் காத்தருள்வாராக!