பாம்பு விஷம் மருந்துதான்... ஆனால் யாருக்கு?

உங்கள் வீட்டில் அப்புச்சியோ அப்பாவோ பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்களா? அந்த அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்துப் பாருங்கள். எனலாபிரில், லிசினோபிரில், ராமிபிரில் என்று 'பிரில்' என முடிகிறதா? அப்படியென்றால் அந்த மாத்திரையின் மூதாதை ஒரு பாம்பு!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிரேசில் நாட்டில் ஜரராக்கா என்று ஒரு விரியன் இருக்கிறது. அது கடித்தால் இரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி ஆள் மயங்கி விழுவார். ஏன் இறங்குகிறது என்று தேடிய செர்ஜியோ ஃபெரைரா என்ற பிரேசில் விஞ்ஞானி, 1965-ல் அந்த விஷத்தில் ஒரு பொருளைக் கண்டுபிடித்தார். நம் உடம்பில் இரத்தக் குழாயைச் சுருக்கும் வேலைக்குத் துணைபோகும் ஒரு நொதியை அது தடுத்துவிடுகிறது. அதை முன்மாதிரியாக வைத்து அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தில் குஷ்மன், ஒன்டெட்டி என்ற இருவர் செய்த மாத்திரைதான் கேப்டோபிரில். 1981-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. இன்றுள்ள 'பிரில்' எல்லாம் அதன் தம்பி தங்கைகள். இந்த மாத்திரைகளில் விஷம் துளியும் கிடையாது. விஷம் சொல்லிக்கொடுத்த வழியை வைத்து ஆய்வுக்கூடத்தில் செய்தவை.

சரி, பிரேசில் கதை நமக்கெதற்கு? நம் கரட்டுக்கே வருவோம்.

அந்தியூர் பக்கம் கல்லும் முள்ளுமாகக் கிடக்கும் வறண்ட நிலத்தில் சுருட்டை விரியன் இருக்கும். சின்னப் பாம்பு. உடம்பைச் சுருட்டிக்கொண்டு செதிலை உரசி 'சர்ர்' என்று சத்தம் போடும். அந்த வகைப் பாம்பின் விஷத்தில் எக்கிஸ்டாட்டின் என்று ஒரு புரதம். நமக்குக் காயம் பட்டால் இரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று கை கோத்து அடைப்புப் போடும் அல்லவா? இந்தப் புரதம் போய் அந்தக் 'கை'யைப் பிடித்துக்கொள்ளும். தட்டுகள் சேர முடியாது, இரத்தம் உறையாது. கடிபட்டவருக்கு அது ஆபத்து. ஆனால் மாரடைப்பு வந்தவருக்கு இதயக் குழாயில் இரத்தக்கட்டி வளராமல் இருக்க வேண்டுமே, அங்கே அதுதான் உயிர் காக்கும். எக்கிஸ்டாட்டினைப் பார்த்துச் செய்த டைரோஃபிபான் என்ற மருந்து 1998-ல் வந்தது. அதே ஆண்டு வந்த எப்டிஃபிபடைடு அமெரிக்கச் சாரைப்... மன்னிக்கவும், சாரை இல்லை, கிலுகிலுப்பைப் பாம்பு ஒன்றின் விஷத்திலிருந்து பிறந்தது.

கண்ணாடி விரியனையும் விடவில்லை. அதன் விஷம் இரத்தம் உறையும் முறையை ஓரிடத்தில் நேரடியாகத் தூண்டிவிடும். அந்த விஷத்தை மிகவும் நீர்க்க வைத்து ஒரு இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். அடிக்கடி கரு கலையும் பெண்களுக்குக் காரணம் தேடும்போது டாக்டர்கள் எழுதித் தரும் பரிசோதனைகளில் அதுவும் ஒன்று.

பாம்போடு முடியவில்லை. அமெரிக்கப் பாலைவனத்தின் கிலா என்ற விஷப்பல்லியின் எச்சிலிலிருந்து சர்க்கரை நோய்க்கான எக்ஸனடைடு 2005-ல் வந்தது. கடலில் வாழும் கூம்பு நத்தையின் விஷத்திலிருந்து, மார்ஃபினுக்கும் அடங்காத வலிக்கு ஸிகோனோடைடு 2004-ல் வந்தது. நம் மன்னார் வளைகுடாவிலும் கூம்பு நத்தைகளில் பல வகை உண்டு.

இதையெல்லாம் படிக்கும்போது ஆச்சரியமாக இருக்கிறது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது. விரியன் விஷத்தைப் பார்த்துச் செய்த மருந்து நகரத்தில் மாரடைப்பு வந்தவரைக் காப்பாற்றுகிறது. நல்லது. ஆனால் அதே விரியனைத் தோட்டத்தில் மிதித்தவர் என்ன ஆகிறார்?

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு 2020-ல் கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர்! பெரும்பாலானவர்கள் கிராமத்துக்காரர்கள். நம் ஊரில் இது யாருக்கு நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இருட்டில் மோட்டார் போடவும் மடை திருப்பவும் போகிறவர், மஞ்சக்காட்டில் களை எடுப்பவர், கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுபவர், கரும்பு வெட்டுபவர், சாளையில் தரையில் பாய் விரித்துப் படுப்பவர். கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலிகூடத் தெரியாது. விடிகாலையில் வயிற்று வலி என்று எழுவார், கண் இமை தானாக மூடும், கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டும்.

இதற்கு மருந்து ஒன்றுதான். அதுவும் விஷத்திலிருந்தே வருகிறது. விஷமுறிவு மருந்து. 1890-களிலேயே ஆல்பர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சுக்காரர் நாகப்பாம்பு விஷத்துக்கு இதைச் செய்துவிட்டார். வழி இன்றும் ஏறக்குறைய அதேதான். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றுவார்கள். குதிரையின் உடம்பு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். குதிரையின் இரத்தத்திலிருந்து அதைப் பிரித்து எடுத்து மருந்தாக்குவார்கள். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை பார்க்க முண்டியடிக்கும் நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இந்தக் குதிரைக் கணக்கு தெரியும்?

சரி, குதிரைக்கு ஏற்றும் விஷம் எங்கிருந்து வருகிறது? இந்தியாவுக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி நம் தமிழ்நாட்டிலிருந்துதான் போகிறது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் இருளர்கள் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-ன் வனவிலங்குச் சட்டமும் பின்னால் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. 1978-ல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் இந்தச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து மண்பானையில் வைத்து, சில வாரம் விஷம் எடுத்து, அடையாளம் இட்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்பு சாவதில்லை. இருளர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பெருமைதான். ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கட்சி. மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, ஒரே இடத்து விஷம் போதாது. ஒரே வகைப் பாம்புக்கும் ஊருக்கு ஊர் விஷத்தின் கலவை மாறும். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் கார்த்திக் சுனகரின் குழு இதைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. ஓரிடத்துப் பாம்பின் விஷத்தை வைத்துச் செய்த மருந்து வேறு இடத்துப் பாம்பிடம் சில சமயம் திணறுகிறது. தவிர, இப்போதுள்ள மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கு மட்டுமானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மூக்கு மேடான ஒரு குழிவிரியன் இருக்கிறது. அது கடித்தால் இந்த மருந்து பலன் தராது. சோழமண்டலக் கடற்கரையில் எடுக்கும் விஷம் பர்கூர் மலையடிவாரத்துக்காரனை எவ்வளவு காப்பாற்றும் என்று யாராவது பார்க்க வேண்டாமா? கொங்குப் பகுதியில் ஒரு விஷ சேகரிப்பு நிலையம் வேண்டும். அதை நடத்தும் வேலை பாம்பைத் தெரிந்த மக்களிடமே இருக்க வேண்டும்.

இரண்டாவது, மருந்து இருந்தால் மட்டும் போதாது, போடத் தைரியம் வேண்டும். குதிரையிலிருந்து வருவதால் சிலருக்கு இந்த மருந்து கடுமையான ஒவ்வாமை தரும். அதைச் சமாளிக்க அட்ரினலின் ஊசியும் பழகிய கையும் வேண்டும். அந்தப் பயத்தில் சின்ன ஆஸ்பத்திரிகளில் மருந்தைத் தொடாமலே "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று எழுதிக்கொடுத்து விடுவதுண்டு. மலைப்பாதையில் இறங்கி வந்தவருக்கு இன்னும் ஒரு மணி நேரப் பயணம் என்றால் என்ன அர்த்தம்? தூளாக உலர்த்திய மருந்து இருக்கிறது. ஒரு கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆடாமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்குச் செலவே இல்லை. 2024 மார்ச்சில் மத்திய அரசு, பாம்புக்கடிச் சாவை 2030-க்குள் பாதியாக்க ஒரு தேசியத் திட்டம் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. நல்ல தொடக்கம். இனியாவது எந்த ஊரில் எத்தனை கடி என்ற கணக்கு கிடைக்கும். அந்தக் கணக்கைப் பார்த்து, ஆரம்ப சுகாதார நிலையம் வரை மருந்தும் பயிற்சியும் போக வேண்டும்.

மூன்றாவது, பங்கு. ஜரராக்கா பிரேசில் பாம்பு, கண்டுபிடிப்பும் பிரேசில்காரருடையது. ஆனால் மாத்திரையின் காப்புரிமை அமெரிக்க நிறுவனத்துக்குப் போனது. நாளை நம் பாம்பின் விஷத்திலிருந்து ஒரு புற்றுநோய் மருந்தோ வலி மருந்தோ வந்தால் லாபம் யாருக்கு? நம்மிடம் 2002-ன் பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது. உள்ளூர் உயிர்ச் செல்வத்தையும் அறிவையும் பயன்படுத்துபவர் பலனைப் பகிர வேண்டும் என்கிறது அது. அதில் இருளரின் கைப்பழக்கமும் ஓர் அறிவாகக் கணக்கில் வர வேண்டும். கிராம் கணக்கில் விஷத்தை விற்றதோடு அவர்கள் பங்கு முடிந்துவிடக் கூடாது.

"முதலில் சாவைத் தடுப்போம், புது மருந்து ஆராய்ச்சியெல்லாம் பணக்கார நாடுகள் பார்க்கட்டும்" என்று சிலர் சொல்லலாம். ஆனால் இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றே. எந்தப் பாம்பின் விஷத்தில் என்ன இருக்கிறது என்று ஊர் ஊராகத் தெரிந்தால், அதுவே நல்ல விஷமுறிவு மருந்துக்கும் வழி, புது மாத்திரைக்கும் வழி. அதே நேரம் இதில் ரொம்பக் கனவும் காணக் கூடாது. விஷத்திலிருந்து கடைக்கு வந்த மருந்துகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாதியில் தோற்றவைதான் அதிகம். "விஷத்துக்கு விஷமே மருந்து" என்று சொல்லி யாராவது பொட்டலம் விற்றால் ஏமாறாதீர்கள்.

இன்னொன்று. நம் பக்கம் இன்னும் கடிபட்டவரை மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். "அங்கே போய்த்தான் பிழைத்தான்" என்று சாட்சியும் சொல்வார்கள். அவன் பிழைத்ததற்குக் காரணம் வேறு. கடிக்கும் பாம்புகளில் பல விஷமற்றவை. விஷப்பாம்பும் ஒவ்வொரு கடியிலும் விஷத்தை இறக்குவதில்லை. உண்மையில் விஷம் ஏறியவனுக்கு, மந்திரித்த அந்த ஒரு மணி நேரம்தான் எமன். கயிறு போட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பை அடித்துத் தூக்கி வரத் தேவையில்லை, நேரத்தைக் குறித்துக்கொண்டால் போதும்.

பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்பார்கள். நடுங்குவது தப்பில்லை. ஆனால் அதன் விஷத்தில் ஊரான் வீட்டு இதயத்துக்கு மருந்து கிடைத்து, நம் காட்டில் களை எடுப்பவருக்குக் கிடைக்கவில்லை என்றால், அது பாம்பின் தப்பு இல்லை. நம் தப்பு.