குனிந்து பார்த்து வாங்குங்கள்
பிரிட்டனில் முதல் ஸ்போர்ட்ஸ் காரை செகண்ட் ஹேண்டாகத் தேடும் பலர் கடைசியில் வந்து நிற்பது மாஸ்டா எம்எக்ஸ்-5 முன்னால்தான். 1989-ல் அறிமுகமான, இரண்டே பேர் உட்காரும் ஜப்பானிய கார். தினமும் ஆபீஸுக்கு ஓட்டலாம். எஞ்சின் அவ்வளவு சுலபத்தில் மக்கர் பண்ணாது. ஆனால் பனிக்காலத்தில் அங்கே சாலையில் தூவும் உப்பு இரும்பைத் தின்றுவிடும். பளபளக்கும் பெயின்ட்டில் மயங்காதீர்கள். கதவுக்குக் கீழே, பின்சக்கரத்தை ஒட்டிய பகுதியைக் குனிந்து பாருங்கள். துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். துணிக் கூரை ஒழுகியிருந்தால் கால்மிதி ஈரமே காட்டிக்கொடுக்கும். பழைய மாடல் என்றால் டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டால், இன்சூரன்ஸுக்கும் வெல்டிங்குக்கும் கடன்தான் வாங்க வேண்டும். வேகம் அப்புறம்; முதலில் முழங்காலில் அழுக்குப் படட்டும்.