வாடகை வீட்டில் நாய்க்குட்டி வளர்க்கலாமா?



மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பற்றி நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். பேகன் அரசன். "உன் மயிலைக் கூட்டிக்கிட்டு வீட்டைக் காலி பண்ணு" என்று அவனிடம் யாரும் சொல்ல முடியாது. எங்களிடம் சொல்லலாம். ஏனென்றால் நாங்கள் இருப்பது வாடகை வீடு.

குடிவந்த அன்றைக்கே வீட்டுக்காரம்மா, "நாய், பூனை, கோழி எதுவும் வளர்க்கக் கூடாது" என்று சொன்னார். 11 மாத ஒப்பந்தப் பத்திரத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அப்பா கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசி மழையில் ரைஸ் மில் பக்கம் ஒரு குட்டி நனைந்துகொண்டு கத்தியது. நானும் தம்பியும் அதைத் தூக்கி வந்து, குளியலறைக்குப் பின்னால் சாக்கு விரித்து மறைத்து வைத்தோம். மணி என்று பெயர் வைத்தோம். எல்லாம் ஒன்பது நாள்தான். பத்தாம் நாள் ராத்திரி அது ஊளையிட்டது. விடிந்ததும் வீட்டுக்காரம்மா வாசலில் நின்றார். "நாய் போகணும், இல்லன்னா நீங்க போகணும்" என்றார். அப்பா தலைகுனிந்து நின்றதை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

எனக்கு வீட்டுக்காரம்மா மேல் ரொம்பக் கோபம். அம்மாதான் விஷயத்தைச் சொன்னாங்க. அவரைச் சின்ன வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்களாம். இப்போது அந்த ஊசி கிடையாது. அரசு மருத்துவமனையில் கையில்தான் 4 தவணையாகப் போடுகிறார்கள். ஊசி மாறினாலும் அவர் பயம் மாறவில்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு என் கோபம் பாதியாகக் குறைந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டேன். உயிர்களிடம் இரக்கம் காட்டுவது நம் அடிப்படைக் கடமை என்று அரசியலமைப்பின் 51அ பிரிவு சொல்கிறது. குடியிருப்போர் சங்கங்கள் செல்லப்பிராணிக்குத் தடை போடக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் கூறியது. ஆனால் அது சங்கங்களுக்குச் சொன்னது. நாமே கையெழுத்துப் போட்ட பத்திரம் வேறு. ஆகவே சட்டத்தைக் காட்டிச் சண்டை போட முடியாது, பேசித்தான் ஆக வேண்டும்.

என் கருத்து இதுதான். முதலில் நம் தப்பு: ஒளித்து வைத்து வளர்ப்பது கூடாது. நாம் செய்த காரியத்துக்கு அப்பா அம்மா திட்டு வாங்குகிறார்கள். பிராணியும் நிம்மதியாக இருக்காது. கேட்டுவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும்.

அடுத்தது வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு: "கூடவே கூடாது" என்று எழுதுவதற்குப் பதிலாக நிபந்தனை எழுதலாமே! தடுப்பூசி போட்ட அட்டையைக் காட்ட வேண்டும், அசுத்தம் செய்தால் உடனே கழுவ வேண்டும், வெளியே வரும்போது கட்டித்தான் கூட்டிவர வேண்டும், சேதமானால் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம். அட்வான்ஸ் வாங்குவதே அதற்குத்தானே?

மூன்றாவதும் முக்கியம். வீடு கிடைக்கவில்லை என்று வளர்த்த பிராணியைத் தெருவில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அதைப் பசியிலும் தாகத்திலும் தவிக்க விடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது பாவம்தான்.

மணி இப்போது மாமா வீட்டில் இருக்கிறது. மூன்று மாதம் ஆனதும் அரசு கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு அட்டை வாங்கிவிட்டோம். தை மாதம் எங்கள் பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். மேலே சொன்ன நிபந்தனைகளை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, நானும் தம்பியும் கையெழுத்துப் போட்டு அப்பாவிடம் கொடுத்திருக்கிறோம். "பாக்கலாம்" என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்காரம்மா "வேண்டாம்" என்று சொன்னால் நான் அழ மாட்டேன். ஆனால் இந்த முறை ஒளிக்காமல் கேட்போம்.

உங்கள் கருத்து வேறாக இருந்தால் அடுத்த இதழில் எழுதுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி